நூற்று எழுபத்திரண்டு டிகிரி

ஜூன் 2, கோயம்புத்தூர்

புத்தகம் வந்துவிட்டது. கடையில் நின்றபடியே பாதி படித்தேன். மீதியைப் படிக்க விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்த வயிற்றெரிச்சல் தனி.

‘நீலமலையின் பொன்னிறப் பானம்’. எழுதியவர் முனைவர் ப. அறவாழி. பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒரு போட்டோ, பல் வலி வந்தவர் மாதிரி. கோத்தகிரிக்கு மேலே, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு பீர் காய்ச்சிக் கொடுத்த ரேவன்ஸ்டன் மதுச்சாலையின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முப்பது வருஷம் நடந்து இழுத்து மூடப்பட்ட ஒரு சின்னத் தொழிற்சாலை. அன்றன்று காய்ச்சியதைக் குறித்துவைத்த அதன் பழைய காய்ச்சுப் புத்தகங்களை இரண்டு கோடை விடுமுறைகளில் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்தவள் நான். பூங்கோதை. மூன்றாம் அத்தியாயம் முழுக்க முழுக்க என் நோட்டு. ‘மழை மலையை விட்டு இறங்க மனமில்லாமல் நின்றது’ என்று நான் ஓரத்தில் கிறுக்கிய வரிகூட அப்படியே இருக்கிறது.

நன்றியுரையில் பதிப்பாளர் இருக்கிறார். பதிப்பாளரின் மனைவி இருக்கிறார். எழுதும்போது காலடியில் படுத்திருந்த நாய் இருக்கிறது. நான் இல்லை.

அறவாழி என்பவர் எனக்கு முன்பு தெரிந்த ஒரு பேராசிரியர். அதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

ஜூன் 4

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்.

“மேடம், சார் எவ்வளவு பெரிய ஆளு. நீங்க சொல்றதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? அந்த நோட்டெல்லாம் உங்ககிட்ட இருக்கா?”

இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பியபோது ஒரு பெட்டியும் குக்கரும்தான் எடுத்துக்கொண்டேன். நோட்டுகள் பீரோவின் மேல்தட்டில் இருந்தன. நோட்டை விட்டுவிட்டுக் குக்கரை எடுத்து வந்த புத்திசாலி நான். எந்த வீடு, ஏன் கிளம்பினேன் என்பதெல்லாம் பதிப்பாளருக்கு வேண்டாத விஷயம்.

வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. கையில் நேரம் இருக்கிறது. வயிற்றில் நெருப்பும் இருக்கிறது. நாளை மறுநாள் கோத்தகிரி.

ஜூன் 7, கோத்தகிரி

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் அதே பழைய எஸ்டேட் ஆபீஸ். அதே தகரக் கூரை, அதே பூஞ்சை வாடை. மதுச்சாலையை மூடிய பிறகு அதன் காகிதங்களை எஸ்டேட்காரர்கள் வாங்கிப் போட்டார்கள். ஏன் வாங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. குமாஸ்தா போஜன் இப்போது நரைத்துவிட்டார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க அப்பவே வந்தவங்கதானே மேடம்? இருவது வருஷம் இருக்குமா? உங்க வீட்டுக்காரர்கூட வந்தாரே. ஜீப்புலயே குரங்கு குல்லா போட்டுட்டு தூங்குனாரே. டீ கொண்டு போயி எழுப்புனா கோவம் வந்துச்சே அவருக்கு.”

“அவர்தான்.”

“அவரு இப்ப எப்படி இருக்காரு?”

“புத்தகம் எழுதியிருக்கார்.”

“எதைப் பத்தி?”

“இதைப் பத்தி” என்று அலமாரியைக் காட்டினேன். போஜன் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

அவர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை என்பது எனக்கே மறந்து போயிருந்தது. இரண்டு கோடையிலும் ஒருமுறைகூட இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. ‘மூல ஆவணங்களை நேரில் கண்டபோது என் கைகள் நடுங்கின’ என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். குளிரில் நடுங்கியிருக்கும்.

ஜூன் 8

நாள் முழுக்க மழை. காலில் அட்டை. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரம் போக விசிறிவிட்டு, போனில் படம் எடுத்தேன்.

அங்கே பீர் காய்ச்சியவர் டன் என்று ஒரு வெள்ளைக்காரர். சிடுமூஞ்சி. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரு புலம்பல். ‘மழை.’ ‘பார்லியில் வண்டு.’ ‘கர்னல் வந்து நன்றாக இருக்கிறது என்றார், அவருக்கு நாக்கே கிடையாது.’ அப்போதே எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். இப்போது இன்னும் பிடிக்கிறது.

ஜூன் 9

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்.

ஜூன் 10

நேற்று எழுத முடியவில்லை. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

பீர் காய்ச்ச முதல் வேலை, முளைகட்டி உலர்த்திய பார்லியை இடித்து வெந்நீரில் கலப்பது. கூழ் மாதிரி ஆகும். அந்தக் கூழ் மிதமான சூட்டில் இருந்தால்தான் மாவு சர்க்கரையாக மாறும். சர்க்கரை இருந்தால்தான் அது புளித்து பீர் ஆகும். சூடு கூடிவிட்டால் மாவைச் சர்க்கரையாக்கும் சத்து செத்துப் போகும். கஞ்சிதான் மிஞ்சும்.

டன் காலத்துக் காய்ச்சுப் புத்தகங்களில் ‘வெப்பம் 172’ என்று இருக்கும். அது தண்ணீரின் சூடு, ஃபாரன்ஹீட் கணக்கில், பார்லியில் ஊற்றுவதற்கு முன்னால் பார்த்தது. ஊற்றியதும் பார்லி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கூழ் 152க்கு இறங்கிவிடும். அந்தக் காலத்துக் காய்ச்சுகாரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ‘தண்ணீர்’ என்று புத்தகத்தில் யாரும் மெனக்கெட்டு எழுதவில்லை. தண்ணீரின் சூட்டையும் கூழின் சூட்டையும் டன் வேறொரு சின்னத் தாளில் தனித்தனியே குறித்து வைத்தார். நேற்று கையில் கிடைத்துப் படம் எடுத்தது அந்தத் தாளைத்தான். என் நோட்டிலும் ‘வெப்பம் 172’ என்றுதான் எழுதினேன். எனக்குத் தெரிந்ததை எனக்கே எதற்கு விளக்க வேண்டும்?

அறவாழி, பக்கம் 112: ‘இடித்த பார்லிக் கூழ் 172 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கப்பட்டது.’

இடியாப்பத்துக்கு மாவு பிசையும்போது தண்ணீர் கொதிக்க வேண்டும் என்போம். மாவு கொதிக்க வேண்டும் என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். மாவில் ஒருநாளாவது கை வைத்தவருக்கு இந்தத் தப்பு வராது. இதே இடியாப்ப உதாரணத்தை நான் ஒருவருக்கு ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன்.

திருடியதோடு விட்டிருந்தால்கூட நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. புரியாமல் திருடியிருக்கிறார். இனி விடமாட்டேன்.

ஜூன் 13, கோயம்புத்தூர்

பேப்பரில் செய்தி. புதுச்சேரியில் ஒரு பீர் விடுதி, முனைவர் அறவாழியின் புத்தகத்தில் உள்ளபடியே ரேவன்ஸ்டன் பீரை மறுபடி காய்ச்சப் போகிறதாம். ஆகஸ்ட் மூன்றாம் தேதி வெளியீடு. முனைவர் சிறப்புரை ஆற்றி, முதல் கோப்பையை அருந்துவார்.

உள்ளபடியே!

இரண்டு தடவை சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பீருக்காக.

ஜூன் 20, புதுச்சேரி

விடுதி முதலாளி நந்தகோபால் ரெட்டியார். காய்ச்சுபவள் ஜெசிந்தா. முப்பத்தைந்து இருக்கும். ரப்பர் பூட்ஸ், தலையில் துணி, வாய் ஓயாது. அவளுடைய ஐந்நூறு லிட்டர் எஃகுத் தொட்டியை ஏதோ பிள்ளையைக் காட்டுவது மாதிரி தட்டிக் காட்டினாள். பழைய ரேவன்ஸ்டன் காகிதங்களை ஆராய்பவள் என்று மட்டும் என்னை அறிமுகம் செய்துகொண்டேன்.

“அக்கா, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இந்த நூத்தி எழுவத்திரெண்டு தண்ணியோட சூடா, கூழோட சூடா? எனக்கென்னமோ தண்ணியோடதுன்னுதான் தோணுது. ப்ரொபசருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ‘நான் மூலத்தைப் பார்த்தவம்மா, ஒரு புள்ளியக்கூட மாத்தாதே’ன்னுட்டாரு. ரெட்டியாரும் அவரு சொல்றதுதான் சரிங்கறாரு. எதுனா காயிதம் இருந்தா காட்டிப் பேசலாம். உங்களுக்குத் தெரியுமா?”

என் கைப்பையில் போன் இருந்தது. போனில் டன்னின் சின்னத் தாள் இருந்தது.

“தெரியலையேம்மா” என்றேன்.

ஜூன் 21

கடற்கரையோரம் நடந்தேன். நல்ல காற்று. மேடையில் அறவாழி கோப்பையைத் தூக்குவதை நினைத்துப் பார்த்தேன். ஊரே பார்க்க அந்தக் கஞ்சியை விழுங்க வேண்டும். ரெட்டியார் முகம் கறுக்க வேண்டும். பதிப்பாளர் முன்வரிசையில் இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 26

ஜெசிந்தா சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் குழம்பு. நான் இதுவரை பீர் வாயில் வைத்ததில்லை என்றதும் அவளுக்கு விக்கிக்கொண்டது.

“இருவது வருஷமா பீரைப் பத்திப் படிக்கறீங்க, ஒரு வாய் குடிச்சதில்லையா? என்னாக்கா நீங்க!”

“யாரும் கொடுக்கல.”

“நான் குடுக்கறேன். இந்த பீரு ரெடியாவட்டும். மொத டம்ளர் உங்களுக்குத்தான்.”

இந்த பீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மீன் முள்ளைக் கவனமாக எடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெங்களூரில் வேலை செய்தபோது இவள் காய்ச்சிய ஒரு பீருக்கு மெடல் கிடைத்ததாம். மேடையேறி வாங்கியவர் அவளுடைய மேலாளர். “காய்ச்சினது நானு, கழுத்துல மாட்டிக்கிட்டது அவரு. நான் கீழ நின்னு கை தட்டுனேன்க்கா. கையி செவந்து போச்சு.” அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இங்கே ரெட்டியார் அவளை ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் ஆக்குவாராம். இந்தத் தொட்டி பாழானால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஏற்கெனவே இரண்டு பேர் ரெட்டியாரின் காதைக் கடிக்கிறார்களாம்.

என்னிடம் எதற்கு இதையெல்லாம் சொல்கிறாள்? நான் கேட்கவில்லையே.

ஜூன் 29

மீன் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளாகக் கஞ்சிதான்.

ஜூலை 3

எட்டாம் தேதி காய்ச்சப் போகிறாள். பார்லி மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன.

ஒன்றைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். நான் எந்தப் பொய்யையும் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதியது அவர். தொட்டி கெட்டால் அவர் கெடுத்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் வாயைத் திறந்து என்ன கண்டேன்?

ஜூலை 6

சொல்லிவிட்டேன்.

மனம் இளகியதால் இல்லை. ஐந்நூறு லிட்டர் பார்லிக் கூழ் சாக்கடைக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது. சிக்கனமாக வளர்ந்தவள்.

போனை நீட்டினேன். ஜெசிந்தா படத்தைப் பெரிதாக்கி டன்னின் கையெழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘தண்ணீர் 172. கூழ் நின்றது 152.’ பிறகு தேதியைப் பார்த்தாள். நான் படம் எடுத்த தேதி.

“இத எடுத்தது ஜூன் ஒம்போது. நான் உங்களக் கேட்டது இருவது.”

போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டேன்.

“அன்னிக்கே தெரியும் உங்களுக்கு. பையிலயே இருந்துருக்கு. என் சோத்தத் துன்னுட்டுப் போனீங்களே!”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், நோட்டு, பீரோவின் மேல்தட்டு. அறவாழி யார் என்பதையும் சொன்னேன். பதினாலு வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டேன் என்பதையும். இதை நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. அவள் இரக்கப்படுவாள் என்று நினைத்தேன்.

“அவரு உங்களுக்குச் செஞ்சதத்தான் நீங்க எனக்குச் செய்யப் பாத்தீங்க” என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ரூமுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 7

காலையில் கதவைத் தட்டினாள். கையில் இட்லிப் பொட்டலம். முகத்தில் இன்னும் கோபம்.

“துன்னுங்க. துன்னுட்டு கேளுங்க. பெரிய தொட்டில உங்க டன்னு சொன்ன மாதிரி காய்ச்சறேன். ரெட்டியார்கிட்ட அந்தத் தாளக் காட்டிட்டேன், சரின்னுட்டாரு. ஆனா ஒரு சின்ன கேன்ல, இருவது லிட்டரு, ப்ரொபசர் புஸ்தகத்துல இருக்கற மாதிரியே காய்ச்சறேன். ஒரு புள்ளி மாத்த மாட்டேன்.”

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. “அந்தக் கேன்லேர்ந்து அவருக்குக் கொடுத்துடலாம்” என்றேன்.

“இல்லக்கா. ஏமாத்தி குடுத்தா நாமதான் கெட்டவங்க. ரெண்டையும் வெப்போம். எது பழைய ரேவன்ஸ்டன்னு அவரே சொல்லட்டும். மூலத்தப் பாத்தவராச்சே.”

என் பழிவாங்கலைவிட இவளுடையது நேர்த்தியாக இருக்கிறது. பொறாமையாக இருந்தது.

ஜூலை 8

காய்ச்சினோம். பெரிய தொட்டியில் தண்ணீரை 172க்குக் கொண்டுவந்து பார்லியில் விட்டாள். கிளறிவிட்டு வெப்பமானியை இறக்கினாள். 152. டன்னின் தாளில் இருந்த அதே எண். எனக்குக் கண் கலங்கியது. தொட்டியின் ஆவி பட்டுவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னேன்.

சின்னக் கேனில் கூழையே 172ல் வைத்தோம். பசை மாதிரி இழுத்தது. போஸ்டர் ஒட்டலாம்.

ஜூலை 19

பெரிய தொட்டி நன்றாகப் புளித்து அடங்கியிருக்கிறது. வாசனை ரொட்டிக் கடை மாதிரி. சின்னக் கேன் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன், இரண்டையும்.

ஆகஸ்ட் 1

நாளை மறுநாள். இஸ்திரி போடக் கொடுத்த புடவையை வாங்க வேண்டும். பச்சை வேண்டாம். அது அவர் எடுத்துக் கொடுத்தது.

ஆகஸ்ட் 3

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. பதிப்பாளர் முன்வரிசையில், மனைவியோடு. நாயை அழைத்து வரவில்லை. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அறவாழி இளைத்துவிட்டார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. கைப்பித்தான் ஒன்று இல்லை. தைத்துக் கொடுக்க ஆளில்லை போல. எனக்கென்ன.

நன்றாகத்தான் பேசினார். எப்போதும் நன்றாகத்தான் பேசுவார். பூஞ்சை படிந்த ஏடுகள், நடுங்கிய கைகள், மலையை விட்டு இறங்க மனமில்லாத மழை. அந்த வரிக்குக் கைதட்டல் எழுந்தது. என் வரிக்கு. நான் தட்டவில்லை.

பிறகு ஜெசிந்தா தட்டில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளோடு மேடையேறினாள். ஒன்று தேன் நிறத்தில் தெளிவாக, மேலே நுரையோடு. இன்னொன்று கலங்கலாக, கழுநீர் மாதிரி.

“சார், ஒரே பார்லி, கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூவும் ஒண்ணுதான். ஆனா காய்ச்சின முறை வேற வேற. இதுல எது அசல் ரேவன்ஸ்டன்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவானதை ஒரு சிரிப்போடு கீழே வைத்தார்.

“இது இன்றைக்குக் கடையில் கிடைப்பது மாதிரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பீர் இவ்வளவு நாகரிகமாக இருக்காது நண்பர்களே. அது முரட்டு பானம். கூழ் மாதிரி கனமானது. இதோ, இதுதான் வரலாறு.” கலங்கலை எடுத்து ஒரே மடக்காகப் பாதி குடித்தார்.

அவருடைய இடது புருவம் துடித்தது. வாய்க்குப் பிடிக்காததை விழுங்கும்போது அப்படித் துடிக்கும். என் சமையலுக்கு ஒருநாளும் துடித்ததில்லை.

“அருமை” என்றார். “மூலத்தின் ருசி.”

ஜெசிந்தா இன்னொரு மைக்கை எடுத்தாள். “சார் குடிச்சது அவரு புஸ்தகம் பக்கம் நூத்திப் பன்னெண்டுல இருக்கறபடி காய்ச்சினது. அது பீரே ஆவல. இன்னொன்னு, டன்னு தன் கையால எழுதின தாளப் பாத்து காய்ச்சினது.” திரையில் தாள் விழுந்தது. தண்ணீர் 172. கூழ் நின்றது 152. கூடத்தில் சலசலப்பு. பதிப்பாளர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“மூலத்தில் நான் பார்த்தது...” என்று ஆரம்பித்தார் அறவாழி.

“மூலம் எங்க சார் இருக்கு?” என்றாள் ஜெசிந்தா.

“அது... ஊட்டியில்.”

நான் எழுந்தேன். குரல் நடுங்கவில்லை.

“கோத்தகிரி. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னாடி. நீங்க வெளியே ஜீப்பில் தூங்கினீங்க. உள்ளே உட்கார்ந்து எழுதினது நான். மூன்றாம் அத்தியாயம் என்னோடது.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். அவர் என்னைப் பார்த்தார். கையில் மைக் இருப்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன், குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“கோதை... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

“சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, இடியாப்பத்துக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே சொன்னேன். தண்ணிதான் கொதிக்கணும், மாவு கொதிக்கக் கூடாது, பீரும் அதே மாதிரிதான்னு சொன்னேன். நீங்க பேப்பரை இறக்கல. ‘உப்பு கம்மியாப் போடு’ன்னீங்க.”

கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் பதிப்பாளரின் மனைவி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அறவாழி மைக்கை மேஜைமேல் வைத்தார். பாதிக் கஞ்சி கோப்பையில் அப்படியே இருந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிப் போனார். கொண்டு வந்த பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். அதில்தான் சர்க்கரை மாத்திரை இருக்கும். டிரைவரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். அது மனிதாபிமானம், வேறொன்றும் இல்லை.

கூட்டம் கலைந்தபின் பதிப்பாளர் வந்து கை கூப்பினார். அடுத்த பதிப்பில் நன்றியுரையில் என் பெயரைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

“நாய்க்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றேன். அட்டையில் என் பெயர் வராமல் இனி ஒரு பிரதி விற்கக் கூடாது என்றும், வழக்கறிஞரைப் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். இன்னும் பார்க்கவில்லை. திங்கள்கிழமை பார்ப்பேன்.

ரெட்டியார் வந்து, பாட்டில் லேபிளில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். ஜெசிந்தா பெயர், டன் பெயர் என்றேன். “என் பெயரையும் போடுங்க. கொஞ்சம் பெரிசா.” பெருந்தன்மை எனக்கு வராது.

கடைசியில் ஜெசிந்தாவும் நானும்தான் இருந்தோம். அவள் பெரிய தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினாள். சொன்ன வாக்கு.

“சந்தோஷமாக்கா?” என்று கேட்டாள்.

வாங்கிக் குடித்தேன். டன் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மழையில் சிடுசிடுத்துக்கொண்டு காய்ச்சியது, நான் பூஞ்சை வாடையில் உட்கார்ந்து எழுதியது, இவள் ரப்பர் பூட்ஸோடு நின்று கிளறியது.

கசந்தது. இன்னொரு டம்ளர் கேட்டேன்.